ஒரே ஒரு லிமனாகிஸ்

பங்குச் சாமியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

கோயில் முற்றத்து மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவளும் இழுத்துவிட்டாள். தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

புயல் ஓய்ந்த பிறகும் திரும்பாத படகுகளில் அவள் புருஷன் போன படகும் ஒன்று.

வடக்கே ஏதோ ஒரு கரையில் உடல்கள் ஒதுங்கியிருக்கின்றன. சட்டைப்பையில் கிடந்த மீனவர் அட்டைகளைப் பார்த்து, பேர்களை மட்டும் போனில் சொல்லியிருக்கிறார்கள். ஊர் தெரியவில்லை. தகப்பன் பேர் தெரியவில்லை. உப்புத் தண்ணீர் மிச்சம் வைத்தது அவ்வளவுதான்.

"சேவியர் பர்னாந்து."

யாரும் அழவில்லை.

இந்தக் கரையில் தடுக்கி விழுந்தால் ஒரு பர்னாந்து மேல்தான் விழவேண்டும். அதிலும் சேவியர்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்தில் இருந்த மெற்றில்டா அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏளா, எங்க வீட்டுச் சேவியரா இருக்காது. மணப்பாட்டுல எத்தன சேவியர் இருக்காங்க!"

இருக்காது என்று அவளும் சொன்னாள். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம்.

அந்த முற்றத்தில் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு துண்டு நம்பிக்கை கிடைத்தது. அவளுக்கு மட்டும் இல்லை.

அவள் புருஷன் பேர் தனிஸ்லாஸ் லிமனாகிஸ்.

எந்தக் காலத்திலோ ஒரு கிரேக்கக் கப்பல் இந்தக் கரைக்கு எதிரே உடைந்தது. ஒருத்தன் மட்டும் உயிரோடு கரை ஒதுங்கினான். கஞ்சி ஊற்றியவளையே கட்டிக்கொண்டு, இங்கேயே வலை இழுத்தான். பர்னாந்துகளுக்கும் மச்சாதுகளுக்கும் நடுவே இப்படி ஒரு பேர் முளைத்தது அப்படித்தான். வாந்திபேதி பாதிப் பேரை வாரிக்கொண்டு போனது. மிச்சம் பெண்களாய்ப் பிறந்து, கட்டிக்கொண்டவன் பேருக்குப் போனது. கடைசியில் இவர் ஒருத்தர்.

கடல் நம்மளக் கரைக்குத்தான் தள்ளும் என்பார். அது அவர்கள் வீட்டு வேதம்.

ஒருமுறை தூத்துக்குடித் துறைமுகத்தில், சரக்குக் கப்பலில் வந்த கிரேக்க அதிகாரி ஒருவரைப் பிடித்துத் தன் பேரைப் பற்றிக் கேட்டே விட்டார். சின்னத் துறைமுகத்துக்காரன் என்று அர்த்தமாம். ஆனால் தங்கள் நாட்டிலேயே அப்படி ஒரு குடும்பத்தைக் கேள்விப்பட்டதில்லை என்று அந்த ஆள் கையை விரித்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பாக மக்ரூன் வந்தது.

"உலகத்துலயே நான் ஒருத்தன்தான் புள்ள."

என்னமோ ஒரு நாட்டையே எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி நின்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் லெமன், லெமன் என்று கூப்பிட்டு அவரை அழவைத்தவர்களில் அவளுடைய அண்ணனும் உண்டு.

"ரொசாரியோ மச்சாது."

எங்கேயோ பின்னால் ஒரு கிழவி விம்மினாள். அவளுக்கு மகனும் ரொசாரியோதான், மருமகனும் ரொசாரியோதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானம். எந்தக் குடும்பப் பேரை வைப்பது என்பதில்தான், அவர் கடைசியாகக் கடலுக்குக் கிளம்பிய மத்தியானம், இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பேரு? கட்டிக்குடுத்தா போகப்போறதுதான. எங்கப்பா மாதிரி பர்னாந்துன்னு போட்டுருவோம். இது உங்களோட முடியட்டும்."

உங்களோட முடியட்டும்.

வாயில் வந்தது. சொல்லிவிட்டாள். நாக்கில் சனி என்பது வேறென்ன?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாப்பாவின் உச்சியை முகர்ந்துவிட்டு வாசலில் இறங்கினார்.

"போற வரைக்கும் இருக்கட்டுமே, புள்ள."

"அமலன் பர்னாந்து."

அடுத்த பேரும் பர்னாந்தாகவே வரட்டும் மாதாவே என்று அவள் வேண்டினாள். யார் வீட்டுத் தாலியையோ அறுக்கச் சொல்கிற வேண்டுதல் அது. தெரிந்தேதான் வேண்டினாள்.

சாமியார் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒருமுறை தனக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பர்னாந்து என்று வாசிக்க யாருக்கும் ஒத்திகை வேண்டாம்.

"தனிஸ்லாஸ் லிமனாகிஸ்."

முற்றம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. அவள் கையைப் பிடித்திருந்த மெற்றில்டா, பிடியை விட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

சேவியர் இன்னும் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இவர் இவர்தான்.

கடல் சொன்ன சொல் தவறவில்லை. கரைக்குத்தான் தள்ளியிருக்கிறது.

சாமியார் பங்குக்குப் புதியவர். நல்ல மனுஷர். மற்றவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கைத் துண்டை அவளுக்கும் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்.

"அவசரப்பட்டு அழாதீங்கம்மா. இதே பேருல வேற யாராச்சும் இருக்கலாம் இல்லையா? இந்தக் கரையில வேற லிமனாகிஸ் யாரும் இருக்காங்களா?"

ஊருக்கே தெரிந்த பதிலை யார்தான் சொல்வது? பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். பாப்பா விழித்துக்கொண்டு சிணுங்கியது. அதைத் தோளிலிருந்து இறக்கி, முகம் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள்.

"இருக்கா, சாமி."