ஸ்ப்ரூஸின் அடிக்கிளைகள்

ஆர்விட் ரம்ப மெஷினின் கயிற்றை இழுத்துக் கிளப்பியதும், மார்லிஸ் மரத்துக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள்.

அவள் முதுகில் மருந்து டேங்க். முழங்கை வரை ரப்பர் கையுறை.

"தள்ளு" என்றான் அவன்.

"முதல்ல அதை அணை. காது போகுது."

அணைத்தான்.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே, சாலையிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் நீல ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் தரையைத் தொடும் பாவாடைபோல் கிளை விரித்திருந்தவை. இப்போது கீழிருந்து மேலாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஊசி இலைகள் முதலில் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். பிறகு துரு நிறம். பிறகு தரையில் கிடக்கும். மே மாதம் பிறந்து ஏரியில் பனிக்கட்டி உருகியபோது, இடுப்புயரத்துக்குக் கீழே வெறும் குச்சிகள்தான் மிஞ்சியிருந்தன.

ஆர்விட் தன் பக்கத்தில் பலகைகளை இறக்கி அடுக்கியிருந்தான். மரங்களை வெட்டிவிட்டு, ஆளுயரத்துக்கு மேல் வேலி போடப்போகிறான். ஒரு முயல்கூட நுழைய முடியாத வேலி.

"செத்த மரத்துக்கு மருந்தடிக்கிற ஆளை இந்த ஊர்ல இப்பத்தான் பார்க்கிறேன்."

"செத்துப்போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா? கண்ணு தெரியலைன்னா இதை வச்சுப் பாரு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். போன வருஷத்து ஊசி இலை ஒன்றைக் கிள்ளி அதன் கீழே பிடித்தாள். வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கறுப்புப் புள்ளிகள். மிளகுத்தூள் ஒட்டியதுபோல.

"பூஞ்சை. மழை பெய்யும்போது இங்கேருந்துதான் புதுத் தளிருக்குத் தாவும்."

பிறகு ஒரு மேல்கிளையை எட்டி வளைத்தாள். நுனியில் இளந்தளிர்கள், அரை விரல் நீளத்துக்கு, பூனைக்குட்டியின் காதுபோல் மென்மையாக.

"இதுல ஒரு புள்ளி காட்டு பார்ப்போம். கிடையாது. இப்ப ஒரு தடவை செம்பு மருந்து, மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அடுத்த வருஷமும் இதே மாதிரி. மரம் பிழைச்சுக்கும்."

"பிழைக்கலைன்னா?"

"நானே உன் மெஷினை வாங்கி அறுத்துப் போடுறேன்."

சும்மா சொல்லவில்லை. குளிர்காலம் முழுவதும் இதையே படித்துக்கொண்டிருந்தாள். கிளையை ஒடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி நோயின் பெயரை உறுதி செய்துகொண்டாள். ஈரமில்லாத நாளாகப் பார்த்துக் காய்ந்த குச்சிகளை நறுக்கினாள்; ஒவ்வொரு மரம் முடிந்ததும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தாள். அவள் பக்கத்துத் தரை துப்புரவாக இருந்தது.

"உன் பக்கம் பாரு, உதிர்ந்ததை வாரவே இல்லை. என் மரத்துக்கு நோயை வளர்த்து விடுறதே நீதான்."

"உன் மரமா? பாதி வேர் என் மண்ணுல இருக்கு."

"அப்ப அந்தப் பாதியையாவது காப்பாத்து."

ஆர்விட்டுக்குச் சிரிப்பு வந்தது. மறைத்துக்கொள்ளக் குனிந்து, மரத்தடியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்தான்.

வெறும் குச்சிகளுக்கு ஊடாக அவளுடைய சமையலறைப் படிகள் தெரிந்தன. படியில் அவள் காயவைத்திருந்த செருப்புகள். ஒரு காபிக் குவளை.



"கீழ இருக்கிறது பழையபடி மூடிக்குமா?"

அதுவரை எதற்கும் யோசிக்காத மார்லிஸ் இதற்கு யோசித்தாள். ஒரு பொய் சொன்னால் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

"மூடாது. ஸ்ப்ரூஸ் உதிர்த்த இடத்துல திரும்ப இலை விடாது. மேல பச்சையா நிக்கும். கீழ கடைசி வரைக்கும் இப்படித்தான்."

"இது தெரிஞ்சுதான் மருந்தடிக்கிறியா?"

"தெரிஞ்சுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை. டேங்கின் கைப்பிடியை அழுத்திக் காற்றேற்றி, முதல் மரத்தின் உச்சியை நோக்கிக் குழலை உயர்த்தினாள். நீலம் கலந்த சாரல் தளிர்களின்மேல் படிந்தது.

ஆர்விட் எழுந்தான். பலகைகளைப் பார்த்தான். மெஷினைத் தூக்கி அவற்றின்மேல் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் சருகு வாரி இருந்தது.

இந்த மரங்களை நட்ட நாளில் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அவள் கன்றுகளை வாங்கி வந்தாள். அவன் குழி தோண்டினான். நீதிமன்றம் அவர்களுக்கு விவாகரத்து கொடுத்து, நிலத்தையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த வாரம் அது. ஒருவர் முகத்தில் ஒருவர் இனி விழிக்கக் கூடாது என்ற ஒன்றில் மட்டும்தான் அன்று இருவரும் ஒத்துப்போனார்கள்.