ஞாயிற்றுக்கிழமை மாமி

"மண்ணைக் கொத்தறயா, இல்லே தடவிக் குடுக்கறயா? குடு இங்கே!"

பாகீரதி மாமி மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். ஜெஸ்லின் தலைகுனிந்து நின்றாள்.

"போய் நெழல்ல உக்காந்து கீரையை ஆய். அதுக்குத்தான் நீ லாயக்கு."

ஜெஸ்லின் பலாமரத்தடிக்குப் போனாள்.

வெண்டைப் பாத்தியில் காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாகலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரூர்க்கடையில் குப்பை மண்டிக் கிடந்த இந்த நிலத்தைத் தெருக்காரர்களைச் சேர்த்துக் காய்கறித் தோட்டமாக்கியவள் அவள். சம்பளம் கிடையாது, மனமிருப்பவர்கள் வந்து வேலை செய்யலாம். வேனல் முடியப்போகிறது. மழைக்கு முன் பழைய பயற்றுப் பந்தலைப் பிரிக்க வேண்டும், பாத்தி கொத்த வேண்டும், விதை போட வேண்டும். இந்த நேரத்தில், இருக்கிற ஒரு நல்ல பெண்ணையும் இந்த மாமி விரட்டிவிடுவாள் போலிருந்தது.

மாமிக்குக் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. அங்கிருந்து பஸ் பிடித்து ஞாயிறுதோறும் இவ்வளவு தூரம் வருகிறாளே, ஒரு பெண்ணைக் கரித்துக்கொட்டவா? ஜெஸ்லின் வாளியைத் தொட்டால், "பாதித் தண்ணியக் கொட்டிண்டு போவாய், வை கீழே!" பந்தலில் கை வைத்தால், "நீ ஏறினா மூங்கிலே முறிஞ்சுடும், எறங்கு!"

ஒருமுறை பேச்சுவாக்கில் பிள்ளைகளைப் பற்றி நாகலக்ஷ்மி கேட்டாள்.

"ஒரு புத்திரன் இருந்தான். எவளையோ ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டான். ரெண்டு பேரும் என் வாசப்படி மிதிக்கப்படாது, நானும் அவா வாசப்படி மிதிக்கமாட்டேன்னு பெருமாள் முன்னாடி சத்தியம் பண்ணிட்டேன்."

அந்த எவளோ புண்ணியம் செய்தவள், தப்பித்தாள் என்று நாகலக்ஷ்மி அன்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். ஜெஸ்லின் கடையில் வாங்கிய பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"கருமம்! இந்த வெயில்ல இதையா முழுங்கறே?" மாமி பொட்டலத்தை இழுத்து உரக்குழியில் வீசினாள். தன் டிபன் டப்பாவை அவள் முன்னால் தள்ளினாள். "தயிர் சாதம். எனக்கு மிஞ்சிப்போச்சு. குப்பையில கொட்டறதுக்கு நீ தின்னு."

ஜெஸ்லின் தின்றாள். டப்பாவை வழித்துத் தின்றாள்.

இந்தப் பெண்ணுக்கு ரோஷமே கிடையாதா? நாகலக்ஷ்மிக்கு அவள்மீதும் எரிச்சல் வந்தது. ஜெஸ்லின் கை கழுவக் கிணற்றடிக்குப் போனதும் நாகலக்ஷ்மி நேராக மாமியிடம் வந்தாள்.

"போதும் மாமி, மதி! அடுத்த ஞாயிறு முதல் நீங்க இங்கே வரண்டாம்."

"என்ன சொல்றே?"

"அந்தப் பிள்ளை தோட்டத்துக்கு உபகாரம் செய்ய வருது. உங்ககிட்ட ஏச்சு வாங்க வரல்ல. மிச்சச் சோத்தைப் போடுறீங்களே, அவ என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?"

மாமி சீறுவாள் என்று நாகலக்ஷ்மி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். சீறவில்லை. அந்த முகம் சட்டென்று சுருங்கிப்போனது.

"நான் வாயே தொறக்கலை, நாகலக்ஷ்மி. ஒரு ஓரமா நின்னு கொத்திட்டுப் போறேன். இன்னும் கொஞ்ச மாசத்துக்கு மட்டும் வரட்டுமா?"

"ஒரு நாளும் வேண்டாம். உங்களுக்கு இங்கே இடமில்ல."

இந்த வாய்க்கு இதுதான் மருந்து என்று நாகலக்ஷ்மிக்குத் தோன்றியது. மாமி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். வேலிக் கதவைத் தாண்டி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். ஒரே ஒரு தடவை கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கழுவிய டப்பாவோடு ஜெஸ்லின் வந்தாள்.

"மாமி எங்கேக்கா?"

"துரத்தியாச்சு! இனி அந்தத் தொல்லை உனக்கு இல்ல, கேட்டியா?"

நன்றி சொல்வாள் என்று நாகலக்ஷ்மி எதிர்பார்த்தாள். ஜெஸ்லினின் கையிலிருந்து டப்பா கீழே விழுந்தது.

"ஐயோ, என்னக்கா செஞ்சிட்டீங்க!"

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கி ஓடினாள். "மாமி! நில்லுங்க மாமி! போகாதீங்க!"

பஸ் ஏறக் காலைத் தூக்கிய மாமி திரும்பினாள். குடை ஒரு பக்கம், பை ஒரு பக்கம் விழ, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ஓடாதேடி மூதேவி! வயத்துல என் பேரக்கொழந்தை இருக்கு!"