கெட்டுப்போன தாள்கள்

ஷோபனா ஊதிய தாள் இந்த முறையும் கருநீலமாகிவிட்டது.

“இதுவும் கெட்டுப் போச்சு,” என்றாள். ஐந்தாவது தொகுதி. தாமிர உப்புக் கரைசலில் ஒருமுறை, அமிலக் கரைசலில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி முக்கி, வடிதாளின் இழைகளில் அவள் வளர்த்த நுண்துளைப் படிகங்கள். சிறுநீரக நோயாளியின் மூச்சில் வரும் அம்மோனியா பட்டால் மட்டுமே வெளிர்நீலம் கருக்க வேண்டும். நோயில்லாதவர் ஊதினால் நிறம் மாறக் கூடாது. அதைச் சோதிக்க, தாளைத் தயாரித்தவரே ஊதிப் பார்ப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம்.

திங்கட்கிழமை ஆராய்ச்சி வழிகாட்டி குணசேகரன் சாரிடம் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் மூன்று வருட ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

கரைசல் கலக்கும் ஜூனியர் ஸ்வாதி எதிரே நின்றாள்.

“அளவு சரியாப் பாத்தியா?”

“ரெண்டு தடவ பாத்தேன்க்கா.”

“அப்புறம்? பருத்திப்பட்டு ஏரிக் காத்து வந்து கெடுத்துட்டுப் போச்சா?”

ஸ்வாதி தலை குனிந்துகொண்டாள்.

பெருக்க வந்த முனியம்மா மேசைக்கடியில் துடைப்பத்தை நீட்டினாள். “இன்னா மேடம், புதுச் செருப்பையும் கயட்டிப் போட்டுகினு கீறீங்க? இதுவும் டைட்டாயிடுச்சா?”

“நாள் பூரா நின்னா அப்படித்தான்.”

சாரிடம் ஸ்வாதியின் பெயரைச் சொல்லிவிடுவது என்று ஷோபனா எழுந்து போனாள். அவர் அறைக்கதவைத் தட்டப் போன கை பாதியில் நின்றது. தன் தோல்வியைச் சுமக்க இன்னொருத்தியின் தோளைத் தேடுகிறோமே என்று கூசியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினாள்.

மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டும் மாசில்லாத வெளிர்நீலம்.

“ஊதிப் பாத்தியா?”

“நான் ஒண்ணு, முனியம்மாக்கா ஒண்ணு.”

மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்த பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. “நிறம் மாறவே இல்லியே ஸ்வாதி. இது எந்தத் தொகுதி?”

“நீங்க இப்ப கெட்டுப் போச்சுன்னீங்களே, அதேதான்க்கா.” ஸ்வாதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்ப அந்த அஞ்சு தாளும்?”

“அஞ்சையும் ஊதினது நீங்கதான்க்கா.”