எவர்ட்டன் தூக்காத கிண்ணம்

"செத்த வீட்டிலை பந்துக் கதையோ, அண்ணை?"

வேரோனிக்கா வந்தவரைக் கேட்டாள். போர் முடிந்ததென்று அறிவித்து இரண்டு கிழமைதான். அவளுடைய கணவர் எட்வேட், தன் தம்பி மரியரட்ணம் முள்ளிவாய்க்காலில் இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை, அழவுமில்லை. சோற்றைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அல்பேட், ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் சோபாவில் அமர்ந்து தொலைக்காட்சியைப் போட்டார். எஃப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டம், செல்சியும் எவர்ட்டனும். இன்னும் தொடங்கவில்லை.

"எட்வேட், உங்கடை கார்க் கண்ணாடியிலை எவர்ட்டன் ஸ்டிக்கர் கண்டனான். உதெல்லாம் ஒரு ரீமே? செல்சி இண்டைக்கு உரிச்சுப் போடும்."

வேரோனிக்கா அல்பேட்டின் முன்னால் வந்து நின்றாள்.

"தயவுசெய்து எழும்புங்கோ, அண்ணை."

"பொறுங்கோ தங்கச்சி. எவர்ட்டன் எந்தக் காலத்திலை கிண்ணம் தூக்கினது? லிவர்ப்பூல்காரர் தூக்க, உவை பக்கத்திலை நிண்டு கை தட்டினவை!"

"வெளியிலை போங்கோ!"

வேரோனிக்கா கதவைத் திறந்து பிடித்தாள்.

"தொண்ணூற்றைஞ்சு."

கரகரத்த அந்தக் குரல் கேட்டுத் திரும்பினாள். எட்வேட் எழுந்து நின்றார்.

"தொண்ணூற்றைஞ்சிலை இதே இறுதியாட்டத்திலை மான்செஸ்டர் யுனைற்றட்டை ஆர் வெண்டது? உமக்கு என்ன தெரியும்? யாழ்ப்பாணத்திலை பற்றரி இல்லாத காலம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, தம்பி பெடலைச் சுத்தச் சுத்த, டைனமோவிலை றேடியோ கேட்டனாங்கள். கோல் எண்டதும் அவன் கையை விட்டிட்டுத் துள்ளினான். றேடியோ நிண்டு போச்சு. சுத்தடா, சுத்தடா எண்டு நான் கத்த..."

எட்வேட் அல்பேட்டின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நெடுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வேரோனிக்கா, சாப்பிட ஏதும் கிடக்கோ?"

அவள் புட்டுக் கோப்பையுடன் ஓடிவந்தபோது அல்பேட் சத்தமில்லாமல் வாசலைக் கடந்திருந்தார். லிஃப்ற்றடியில் போய் மறித்தாள்.

"மன்னியுங்கோ அண்ணை. உள்ளை வந்திருந்து மச்சைப் பாருங்கோ."

"வேண்டாம் தங்கச்சி. எவர்ட்டன் கோல் அடிச்சால் என்னாலை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேலாது."

ஜக்கெற்றின் சிப்பைச் சற்றே இறக்கிக் காட்டினார். உள்ளே, எவர்ட்டனின் நீலச் சட்டை.