வாய் திறக்காத கவுன்சிலர்

"மூணு வருஷமா வாயே திறக்காத கவுன்சிலர் ஒருத்தர் இருக்காராமே, யாருடி அது?" என்று லோகாம்பாள் கேட்டாள். யாரென்று தெரிந்தேதான் கேட்டாள்.

கமலவேணி நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நகராட்சி மன்றக் கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. சுவரோரம் பெண்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் மாணவிகள் எட்டுப் பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் பின்னால் நின்றார்கள். எல்லோரும் பி.ஏ. அரசியல், இரண்டாம் வருஷம்.

கூட்டி வந்தவர் லெக்சரர் கலியாணசுந்தரம். "ஆளுக்கு ஒரு கவுன்சிலரை எடுத்துக்குங்க. அவர் என்ன பேசினார், அதனால என்ன நடந்ததுன்னு எழுதணும். நல்லா எழுதறவங்களைச் சென்னையில நடக்கிற மாணவர் கருத்தரங்குக்கு அனுப்புவேன்" என்று வகுப்பில் சொல்லியிருந்தார்.

கமலவேணி எடுத்துக்கொண்டது தன் அப்பாவை. பிள்ளையார்பாளையம் வார்டு கவுன்சிலர் வேலாயுதம். பட்டுத் தறிக்காரர். 'நல்ல மனுஷன்' என்று தெருவே கூடி நிறுத்தியதால் போட்டியில்லாமல் வந்தவர்.

"உனக்கு வேலை மிச்சம்டி. வெள்ளைத் தாளையே மடிச்சுக் குடுத்துடு" என்றாள் லோகாம்பாள்.

"இன்னைக்குப் பேசுவாரு பாரு" என்றாள் கமலவேணி.

ஒரு வாரமாகத் தறியருகில் நின்று அவள் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்விப்பா. 'எங்க தெருவுல விளக்கு எரியறதில்லை, எப்ப சரி பண்ணுவீங்க?' அவ்வளவுதான்."

"தறியில உக்காந்தா பயமே தெரியலம்மா. நாலு பேரு முன்னாடி எழுந்தா நாக்கு ஒட்டிக்குது."

"எனக்காகக் கேளுப்பா. எங்க க்ளாஸே வந்து உக்காந்துக்கினு இருக்கும்."

"சரிம்மா" என்றார். தறியில் நாடா மறுபடி இடமும் வலமுமாக ஓடத் தொடங்கியது.

எதற்குமே அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. முதல் வருஷம், "பசங்களை மட்டும் மன்றத்துக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்கப்பா, பொண்ணுங்க உக்கார அங்க இடமில்லையாம்" என்று அவள் அழுதுகொண்டு வந்து நின்றாள். அப்போதும் அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. நாடா ஓடிக்கொண்டேதான் இருந்தது.

கூட்டம் தொடங்கியது. முதலில் எழுந்தவர் கண்ணாயிரம். அவர் பேசினால் தெருவில் போகிறவனும் நின்று கேட்பான் என்று ஊரில் பேர்.

"தலைவர் அவர்களே! இதோ, நம் கல்லூரி மாணவிகள் வந்திருக்கிறார்கள். பெண்கள் படித்தால்தான் நாடு உயரும். நாளைக்கு நம் நாற்காலிகளில் இவர்கள் உட்கார வேண்டும்!"

பெஞ்சே கைதட்டியது. லோகாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டது கண்ணாயிரத்தை.

பிறகு வார்டுவாரியாகக் கேள்விகள். சேர்மன் தாளைப் பார்த்து, "பிள்ளையார்பாளையம்?" என்றார்.

வேலாயுதம் எழுந்தார்.

கமலவேணி முன்னால் சாய்ந்தாள். 'எங்க தெருவுல... எங்க தெருவுல...' என்று அவள் உதடுகள் அசைந்தன. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பெஞ்சுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். வாய் திறந்தது.

"ஒண்ணுமில்லீங்க."

உட்கார்ந்துவிட்டார்.

"பேசிட்டாருடா! எழுதிக்கோ, எழுதிக்கோ!" என்று பின்னால் ஒரு பையன் கிசுகிசுத்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கூட்டம் முடிந்ததும் வேலாயுதம் இந்தப் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனார். கமலவேணி அவரைக் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் அவரால் கேட்க முடியவில்லை.

கண்ணாயிரம் மட்டும் மாணவர்களைத் தேடி வந்தார். "என்ன பசங்களா, பேச்சு எப்படி?"

"பிரமாதம்ங்க ஐயா" என்றாள் லோகாம்பாள். பிறகு கமலவேணியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "வேலாயுதம் கவுன்சிலர் இந்த மூணு வருஷத்துல ஒரு தடவையாவது பேசியிருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"ஏன், பேசியிருக்காரே!" கண்ணாயிரம் விழுந்து விழுந்து சிரித்தார். "போன வருஷம் ஒரு நாள் எழுந்தாரு. கை நடுங்குது, வேட்டி நடுங்குது. 'படிக்கிற பொண்ணுங்க வந்தா உக்கார ஒரு பெஞ்சு போடணும்'னாரு. அவ்வளவுதான் பேச்சு. நான் விடுவேனா? 'பொம்பளைங்களுக்கு இங்க என்னய்யா வேலை, வீட்டுல அடுப்பு இல்லியா'ன்னு அரை மணி நேரம் பிடிபிடின்னு பிடிச்சேன். சபையே சிரிச்சுது. ஆனா மனுஷன் உக்காரவே இல்லப்பா. நின்னுக்கினே இருந்தாரு. ஓட்டுக்கு விட்டாங்க. ஒரே ஓட்டுல ஜெயிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பெஞ்சைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"சரி சார், வார்டுல வேலை இருக்குது" என்று லெக்சரரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

லோகாம்பாள் மெல்ல எழுந்து நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கமலவேணி மட்டும் எழவில்லை. அப்பா பேசிய பேச்சின்மேல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க அவளுக்கு ஆசையாக இருந்தது.