தொட்டிக் குழாய்

காங்கேயத்துக்கு அருகே, வற்றிப்போன கிணற்றின் மோட்டார் ரூமை இடித்து இரும்பெடுத்தான் சாமுவேல். மோட்டார், தகரம், குழாய்கள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விடும் முழநீளக் குழாய் மட்டும் மொட்டைச் சுவரைத் துளைத்து நின்றது.

“அதயும் எடுத்துக்கப்பா. தண்ணியில்லாமத்தான மயிலைய நாளைக்குச் சந்தைக்கு ஓட்டறேன்,” என்றாள் தோட்டத்துச் சொந்தக்காரி ராசாத்தாள்.

மயிலைப் பசு வெறுந்தொட்டியை நக்கியது. சாமுவேல் தன் கேன் தண்ணீரை அதற்கு ஊற்றினான்.

“குழாய் இருக்கட்டுங்கக்கா. மாடு அதையே பாக்குதுங்க.”

“பாத்தா தண்ணி வந்துருமாக்கும்!”

வந்தது. கொட்டியது. தொட்டி நிரம்பி, வழிந்து, காடெல்லாம் ஓடியது.

“சந்தையாவது ஒண்ணாவது! குடி கண்ணு!” ராசாத்தாள் கூவினாள்.

சாமுவேல் சுவருக்குப் பின்னால் போய், எதோடும் சேராத குழாய் முனையில் கண்ணை வைத்தான். உள்ளே காய்ந்த துரு. அதற்கப்பால், வெயிலில், மயிலை குடித்துக்கொண்டிருந்தது.