வந்த காரணம்

இப்போது எவனும் எதையும் பார்ப்பதில்லை.

அட்டையை மெஷினில் காட்டுகிறான். மெஷின் கீ என்கிறது. போய்விடுகிறான். கேட்டில் நிற்பது ஆளா தூணா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சீட்டை நீட்டினால் போனைப் பார்த்தபடியே கையெழுத்துப் போடுகிறான்.

இன்று காலை அவள் வந்து நின்றாள். கழுத்தில் அட்டை இல்லை.

அதைக் கழற்றி வாங்கியவனே நான்தான். ஒன்பது வாரம் ஆகிறது.

அன்றைக்கு மேலேயிருந்து உத்தரவு. லிஃப்டிலிருந்து ரோடு வரைக்கும் கூடவே நடந்துபோய் விட வேண்டும். எதையும் தொட விடக் கூடாது. நடந்தேன். அவள் கையில் ஒரு டிபன் பாக்ஸ், தொட்டியோடு ஒரு சின்னச் செடி.

என்னம்மா செய்தாய் என்று கேட்டேன்.

இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு எழுதுகிற புரோகிராம் எல்லாம் இன்னொரு புரோகிராமின் மேல் நின்றுதான் ஓடுமாம். ரன்டைம் என்றாள். இவர்கள் செய்ததில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து செய்து உலகத்துக்கே கொடுத்தது. கட்டடத்துக்குத் தரை மாதிரி. அந்தத் தரையில் ஓர் ஓட்டை. சாவி இல்லாதவனும் உள்ளே வந்துவிடலாம். நிஜம்தானா என்று இவள் ஒரு தடவை நுழைந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மேலே போய்ச் சொன்னாள்.

உன்னை யார் நுழையச் சொன்னது என்றார்கள்.

எனக்கு அது புதிதில்லை.

பின்பக்கச் சுவரில், ஜெனரேட்டருக்குப் பின்னால், ஆள் நுழைகிற அளவுக்குச் செங்கல் பெயர்ந்து கிடந்தது. நான்தான் பார்த்தேன். நோட்டில் எழுதி வைத்தேன். எட்டாம் நாள் செம்புக் கேபிள் காணாமல் போனது. ஸ்டேஷனில் முதலில் உட்கார வைத்தது என்னை. ஓட்டை இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும் என்றார் ஏட்டு. நோட்டைப் பாருங்கள் என்றேன்.

நோட்டில் அந்தத் தாள் மட்டும் இல்லை.

சுவரில் இன்றைக்கும் ஒரு தகரம்தான் சாத்தியிருக்கிறது.

எதற்கு வந்தாய் என்று கேட்டேன். கம்பெனியிலேயே கூப்பிட்டார்கள் என்றாள். அந்தத் தரையைச் செய்தவர்கள் ஓட்டையை அடைக்க ஒட்டு கொடுத்துவிட்டார்களாம். இன்ன இடத்தில் ஓட்டை என்று ஊருக்கே அறிவித்தும் விட்டார்கள். வீட்டுக்காரனும் படிப்பான், திருடனும் படிப்பான். எவன் முந்துகிறான் என்பதுதான்.

ஒட்டு புதிய வகைக்கு மட்டும். இங்கே ஓடுவது ஏழு வருஷப் பழசு. அதற்குத் தக்கபடி வெட்டி ஒட்ட அவளுக்குத் தெரியும். பழசுக்கென்று அன்றைக்கே தானாக ஓர் ஒட்டு செய்து வைத்திருந்தாள். எவனும் வாங்கிப் பார்க்கவில்லை.

நரேன் சார் இறங்கி ஓடி வந்தார். அவளை வெளியே அனுப்பியவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சுகிர்தா, வா வா. டைம் இல்ல."

"என் லெட்டர் சார்?"

இவள் மேல் குற்றமில்லை, முறையாக விடுவித்தோம் என்கிற லெட்டர். அது இல்லாமல் வேறெந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது. ஒன்பது வாரமாக இழுத்தடிக்கிறார்கள்.

"மொதல்ல இத முடி. லெட்டர் தானா வரும்."

"கையில வாங்கிட்டு உள்ள போம்மா" என்றேன்.

நரேன் சார் அப்போதுதான் என்னைப் பார்த்தார். நான் இந்த கேட்டுக்கு வந்து மூன்று வருஷம்.

அவள் மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள நாலு லட்சம் பேஷண்ட்டோட ரிப்போர்ட் கெடக்குண்ணா. அவங்க என்னண்ணா பண்ணாங்க?"

வெளியாள் என்பதால் சீட்டு எழுத வேண்டும். பெயர். நேரம். யாரைப் பார்க்க. வந்த காரணம்.

"பர்சனல்னு போடுங்க" என்றார் நரேன் சார்.

சரி சார் என்றேன். ஐந்தாவதோடு நின்றவன் நான். தமிழ்தான் எழுத வரும். அதுவும் மெதுவாகத்தான் வரும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

அடைத்துவிட்டேன் என்றாள்.

லெட்டர்?

நாளைக்காம்.

வாக்கி டாக்கி கரகரத்தது. அந்த மேடத்தின் பையைச் சோதித்து அனுப்ப வேண்டுமாம். சார் சொன்னாராம்.

சோதித்தேன். டிபன் பாக்ஸ். குடை.

சீட்டை நீட்டினாள். அடியில் நரேன் சார் கையெழுத்து, வால் சுழித்து, தேதியோடு. வந்த காரணம் என்ற இடத்தில் என் கோணல் எழுத்து.

கம்ப்யூட்டரில் ஓட்டை அடைக்க. நரேன் சார் கூப்பிட்டு வந்தது.

"படிச்சே பாக்கலண்ணா. போன்ல பேசிட்டே போட்டுக் குடுத்தாரு."

சீட்டைத் திரும்ப வாங்கிக் கம்பியில் குத்த வேண்டும். அதுதான் விதி. ஷிஃப்ட் மாறும்போது எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

நான் கை நீட்டவில்லை.

"வெச்சுக்கம்மா."

"இதக் காட்டுனா லெட்டர் குடுத்துருவாங்களாண்ணா?"

"மாட்டானுங்க."

அவள் சிரித்துவிட்டாள். சீட்டை நாலாக மடித்து டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். பஸ் நிறுத்தம் பக்கம் போனாள்.

இன்னும் இரண்டு மணி நேர ஷிஃப்ட் இருந்தது. தொப்பியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தேன். நாளைக்கு அது வேறு எவன் தலைக்கோ. ஜெனரேட்டர் பக்கம் நடந்தேன்.

மேலே எல்லாம் அடைத்தாகிவிட்டதாம். சொல்லிக்கொள்ளட்டும்.

தகரத்தை ஒரு கையால் தள்ளினேன். நகர்ந்தது. குனிந்து பின் சந்துக்கு இறங்கினேன்.

திரும்பச் சாத்தவில்லை.